மிச்சம் முந்நூற்று இருபது கிலோ

திண்டிவனத்தில் எங்கள் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். மறுநாள் காலைக்குள் என் பெட்டிக்கடையை எடுக்காவிட்டால் பொக்லைன் வந்து நசுக்கிவிடும். பதினோரு வருஷமாக எங்களுக்குச் சோறு போடுகிற தகரப் பெட்டி அது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இடம் பிடித்து, சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, கிரேன் லாரியை வரவழைத்தேன்.

ஆபரேட்டர் நெடுஞ்செழியன் முதலில் லாரியின் இரண்டு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டி, அடியில் மரக்கட்டை வைத்து ஊன்றினார். எதற்கு என்றேன்.

"லாரி சாயாம இருக்கத்தாங்க்கா. பெட்டி என்னா வெயிட்டு?"

பட்டறைக்காரர் செய்து கொடுத்த அன்றே அறுநூறு கிலோ என்று சொல்லியிருந்தார். அதையே சொன்னேன்.

பெல்ட் போட்டுத் தூக்கியதும் பெட்டி ஜம்மென்று எழும்பியது. கிரேன் கையைக் கால்வாய்ப் பக்கம் நீட்ட நீட்ட 'கீ கீ' என்று ஒரே அலறல். கை அப்படியே நின்றுவிட்டது. ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினேன்.

"தூக்கத் தெரிஞ்சதுக்கு நீட்ட என்ன கேடு?"

"குடத்த இடுப்புல வச்சிக்கினு நடப்பீங்க. அதையே கைய நீட்டிப் புடிங்க பாக்கலாம். அவ்ளோ தூரத்துக்கு எண்ணூறு கிலோதான் தாங்கும். இது தொள்ளாயிரத்து இருவது காட்டுது. உள்ள என்னா வச்சிருக்கீங்க?"

"காலிப் பெட்டிங்க! உங்க மிஷினுக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்கு."

அவர் பெட்டியைப் பழைய இடத்திலேயே இறக்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்சம் முந்நூற்று இருபது கிலோ எங்கிருந்து வந்தது? உள்ளே ஏறி அலமாரியைத் தடவினேன், தகரத்தைத் தட்டினேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் தேவநாதன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். ஓர் ஆணி அடிக்கத் துப்பில்லை என்று தினமும் என்னிடம் திட்டு வாங்குகிற மனுஷன்.

"அந்தத் தரைப் பலகைய எடுத்துப் பாரு."

எடுத்தால், கீழே எட்டு மணல் மூட்டை.

"யாருய்யா வச்சது?"

"நான்தான். போன வருஷம் புயலுக்கு முந்தின நாளு. நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தே."

அந்தப் புயலில் வரிசையில் இருந்த அத்தனை பெட்டியும் உருண்டது. எங்களுடையது மட்டும் அசையவில்லை. என் வேண்டுதல்தான் காப்பாற்றியது என்று ஊர் முழுக்கச் சொல்லி, திருவக்கரை அம்மனுக்குப் பொங்கலும் வைத்தேன். பானையைத் தூக்கி வந்ததே இவர்தான்.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?"

"நீ அவ்ளோ சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தே. நடுவுல நான் எதுக்கு?"

பாழாய்ப் போன மனுஷன்!

மூட்டைகளை இறக்கியதும் கிரேன் சத்தமே போடாமல் பெட்டியைக் கால்வாய் தாண்டி வைத்தது.

"அக்கா, மண்ண இங்கயே கொட்டிடலாமா?"

"கொட்டினா கைய ஒடைச்சிடுவேன்!"

புது இடத்துக்குக் கொண்டுபோக மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை என் வீட்டுக்காரர் பிடித்தார். நாலாவது மூட்டையைத் தூக்கும்போது கேட்டேன்.

"யோவ், எனக்குத் தெரியாம இன்னும் என்னெல்லாம்யா செஞ்சி வச்சிருக்கே?"

"பாத்து நட, பள்ளம் இருக்கு" என்றார்.