ஏழாம் நம்பர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்குக் கொள்முதல் பிரிவு. திருகாணியோ நாற்காலியோ, எது வாங்குவதானாலும் முதலில் என் மேசைக்கு வந்து என்னிடம் பேச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரு போன். பாதி திரை, கீழே நிஜப் பொத்தான்கள் வைத்த குட்டிக் கீபோர்டு. மெக்கானிக்குகள் முதல் ஆபீஸ் வரை எல்லாருக்கும் ஒரே மாடலாக இதை வாங்கலாமா, இல்லை வழக்கமான முழுக் கண்ணாடி போனே போதுமா என்று வியாழக்கிழமைக்குள் நான் அறிக்கை தர வேண்டும்.

யாரும் பார்க்காதபோது பொத்தான் போனில் ஒரு வரி அடித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. இன்னொரு வரி அடித்தேன், அதிலும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எட்டு மாதமாக என் வலது கட்டைவிரல் நடுங்குகிறது. கண்ணாடியில் ஒருமுறை தொட நினைத்தால் அது மூன்று முறை தொடும். பொத்தான் அப்படியில்லை, அழுத்தினால்தான் இறங்கும். உரசிப் போகிற விரலை அது சட்டை செய்வதே இல்லை. ஆக, கோளாறு போனில் இல்லை, என்னிடம்தான் என்று அந்த இரண்டு வரியிலேயே தெரிந்துபோயிற்று. அப்பாவுக்கும் வலது கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. கடைசி மூன்று வருடம் அவருக்கு ஸ்பூனால் ஊட்டியவள் நான். அதனாலேயே டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள்.

யாருக்கும் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன். காபியைப் பாதி கப்புக்கு மேல் ஊற்றுவதில்லை. கையெழுத்துப் போடும்போது இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். வீட்டிலும் சிரமமில்லை. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் வரும்போது அவர் கிளம்புவார். எங்கள் குடித்தனத்தில் பாதி நடப்பதே மெசேஜில்தான். உன் மெசேஜைப் படிக்க ஜோசியக்காரனைத்தான் கூப்பிடணும் என்று கிண்டலடிப்பார். அவசரத்தில் அடித்தேன் என்பேன். அவரும் நம்புவார்.

ஆனால் போன மாதம் பன்னிரண்டு பிரேக் கட்டைக்குப் பதில் நூற்றுப் பன்னிரண்டுக்குப் போனில் ஆர்டர் அனுப்பிவிட்டேன். ஸ்டோர்காரர் நல்ல மனுஷர், போன் செய்து கேட்டார். அடுத்த முறை கேட்பார் என்று என்ன நிச்சயம்? எல்லாருக்கும் கண்ணாடி என்று முடிவானால் என் வேலை என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். பொத்தான் வேண்டும் என்று வாதாடினால் ஏன் என்று கேட்பார்கள்.

இந்த மாதிரி சோதனைக்கு முறை வகுத்ததே நான்தான். பத்துப் பேர், ஒரே பத்தியை இரண்டு போனிலும் அடிக்க வேண்டும். தாளில் நம்பர் மட்டும் இருக்கும், பெயர்கள் சீல் வைத்த உறைக்குள் இருக்கும். யாராவது ஒருவருடைய தப்புகளின் எண்ணிக்கை மட்டும் மற்றவர்களோடு ஒட்டாமல் நின்றால் அதைக் கோடு போட்டு அடித்துவிடலாம். அந்த ஆள் தும்மியிருப்பான், தூங்கியிருப்பான் என்பது என் வாதம். ஆறு வருடமாக இந்த விதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

புதன்கிழமை ஒருவர் லீவு. ஆள் குறைகிறதென்று மேலாளர் என்னையே உட்காரச் சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. எனக்கு வந்த நம்பர் ஏழு.

மற்ற ஒன்பது பேருக்கும் கண்ணாடியில் ஐந்தாறு தப்பு, பொத்தானில் ஒன்பது பத்து. வரவேற்பில் இருக்கும் பெண்ணை நாங்கள் மின்னல் என்போம். அவள் பொத்தானைத் தட்டிவிட்டு, இது எங்க மாமனார் காலத்துச் சாமான் என்று உதட்டைச் சுழித்தாள். ஏழாம் நம்பருக்குக் கண்ணாடியில் நாற்பத்தொன்று, பொத்தானில் இரண்டு.

அன்று சாயங்காலம் ஏழாம் வரிசையில் கோடு போட்டேன். என் விதியை வைத்து என்னையே அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு மேலாளர் தாளைக் கையில் எடுத்தார். அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர் வைத்ததே நான்தான். சிரிக்க மாட்டார், எதையும் விடவும் மாட்டார். கோடு போட்ட வரிசையில் அவர் விரல் நின்றது.

"தூங்கினவன் ரெண்டு போன்லயும்தானே தூங்கியிருப்பான்? இங்க ஒண்ணுல ரெண்டே தப்பு. இது தப்பான கணக்கு இல்ல, இது ஒரு ஆள்," என்றார். "யாரு இது?"

உறையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் என் விதிதான். ஆனால் எட்டு மாதமாக ஒளித்து ஒளித்து நான் களைத்துப்போயிருந்தேன். மடியில் இருந்த கையை எடுத்து மேசைமேல், அந்தத் தாள்மேலேயே வைத்தேன். தாள் சலசலத்தது.

"நான்தான்."

எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். ஆறுதலாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அறுபது மெக்கானிக்கில் இன்னொரு ஏழாம் நம்பர் இல்லையென்று எப்படிச் சொல்வீங்க, ஆளாளுக்கு எது வேணும்னு கேட்டு வாங்குங்க என்றார். பொத்தான் போனை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிடிக்கவே பிடிக்காத ஒரு மனுஷரிடம் முதலில் சொல்லியாகிவிட்டது, இருபத்து மூன்று வருடம் கூட வாழ்கிறவருக்கு இன்னும் தெரியாது. பொத்தான் போனை எடுத்து அவருக்கு அடித்தேன். "கை நடுங்குது. அப்பாவுக்கு வந்த மாதிரியே. பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட வாங்க." ஒரு தப்புகூட இல்லை. திருத்துகிற சாக்கில் தள்ளிப்போட வழியில்லாமல் அனுப்பிவிட்டேன்.

அது சோதனைக்கு வந்த போன், என் நம்பர் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உடனே பதில் வந்தது. "நீங்க யாரு? யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிட்டீங்க."

பையிலிருந்து என் கண்ணாடி போனை எடுத்தேன். அது நான்தான், வாங்க என்று அடித்தேன். விரல் நினைத்த இடத்திலெல்லாம் விழுந்தது, பாதி எழுத்து தப்பு. எட்டு மாதத்தில் முதல் தடவையாக எதையும் திருத்தாமல் அப்படியே அனுப்பினேன்.

அவர் எப்போதும் சட்டென்று பதில் போடுகிறவர். இந்த முறை நேரமாயிற்று. பிறகு வந்தது.

"அவசரத்துல அடிச்சதுன்னு நம்பிட்டேனே. ஷிஃப்டை மாத்திட்டேன். ஆபீஸ் வாசல்ல நில்லு, வரேன்."