எருமைத் தோலுக்கான எண்ணெய்

அக்கா ஐந்து மணி பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தாள். ஆம்பூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆற்காடு, ஆற்காட்டிலிருந்து கலவை. மூன்று பஸ்ஸின் நேரத்தையும் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். அவள் எழுதியபடி நடந்திருந்தால் எட்டே காலுக்குக் கேட்டுக்கு முன்னால் நின்றிருப்பாள். அந்தத் தாளில் ஒரு தப்பும் இல்லை. அதில் நான் இல்லை, அவ்வளவுதான்.

மேகலா அக்காவுக்கு வருகிற ஜூலையில் முப்பத்திரண்டு முடிகிறது. அவள் தேர்வு எழுதுகிற அரசாங்க வேலைக்கு அதற்குமேல் விண்ணப்பம் போட முடியாது. போன தடவை இரண்டே கேள்வியில் கைவிட்டுப் போனது. ஒன்பது வருஷமாக டேனரியில் வேலை. பதப்படுத்தி முடிந்த தோலை மேசையில் விரித்து, எது நல்லது எது கழிசல் என்று பிரித்துப் போடுகிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் உட்கார்ந்து எட்டு மாதம் படித்தாள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டு டிவி ஊமையாகத்தான் ஓடியது. அம்மா சீரியலை உதட்டசைவிலேயே புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள்.

என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் நடக்கும் கெடுதல்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எழுபத்தெட்டாம் வருஷத்து டூ ஸ்ட்ரோக். பேரணாம்பட்டில் மாமா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பதினோரு வருஷம் படுத்திருந்தது. இடம் காலியானால் போதும் என்று மாமா கொடுத்தார். எல்லாவற்றையும் நானே சரிசெய்தேன். கிளட்ச் மட்டும் வழிக்கு வரவில்லை. பிளேட்டுகளில் இருந்த கார்க் எல்லாம் பொரியாக உதிர்ந்திருந்தது. புது பிளேட்டுகள் வாங்கினேன். கார்க் பிளேட்டை மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைக்க வேண்டும் என்று தெரியும். எந்த எண்ணெய் என்பதுதான் பாக்கி.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் வருஷம். உராய்வுப் பாடத்தில் எழுபத்தெட்டு மார்க். இந்தத் தகவலை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

என் தோஸ்த் உமர் ஃபாரூக் ஒரு டேனரியின் கெமிக்கல் ஸ்டோரில் இருக்கிறான். எண்ணெய் என்று கேட்டதும் இரண்டு லிட்டர் கேனில் ஃபேட் லிக்கர் கொண்டுவந்தான். பதப்படுத்திய தோல் அட்டைபோல விறைத்துக்கொள்ளாமல் இருக்க, டிரம்மில் போட்டு உருட்டும்போது ஊற்றுகிற எண்ணெய் அது. வெளிநாட்டுச் சரக்கு.

“எருமைத் தோலையே குழந்தை கன்னமாட்டம் ஆக்கிடும் வேந்தா,” என்றான். “உன் பிளேட்டு எம்மாத்திரம்?”

எனக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் எதைச் சரிசெய்ய வேண்டுமானாலும் முதலில் தோலுக்கு என்ன செய்வோம் என்றுதான் யோசிப்போம். அம்மாவின் பிரியாணி தேக்சாவில் பிளேட்டுகளை அடுக்கி, முங்க முங்க ஊற்றி, இரண்டு ராத்திரி ஊறவைத்தேன். ஒரு ராத்திரி போதும்தான். அக்காவுக்காக என்பதால் தாராளமாக இருந்துவிட்டேன். மிச்சத்தை வீணாக்காமல் கியர் பெட்டிக்குள்ளேயே ஊற்றினேன்.

வண்டி வெண்ணெயாக ஓடியது. நான்கு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆம்பூர் பஜாரில் இரண்டாவது கியருக்குமேல் போட இடம் கிடையாது என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“பஸ்ஸு எதுக்குக்கா?” என்றேன். “ஆறு மணிக்குக் கிளம்பினா எட்டு மணிக்கு அங்க இருப்போம். ஒரு மணி நேரம் ஜாஸ்தியா படிக்கலாம்.”

அவளைச் சாய்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். காலண்டர் தாளை மடித்து டப்பாவில் வைத்துவிட்டாள்.

பள்ளிகொண்டா வரை எல்லாம் நன்றாக இருந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து ஆறுகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் திடீரென்று பெரிதாகக் கத்தியது. சத்தம் எண்பதுக்குப் போனது, வண்டி முப்பதுக்கு வந்தது. எங்களை ஒரு டிராக்டர் முந்திப் போனது. அதன் டிரைவர் திரும்பிப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையாட்டினார்.

கிளட்ச் வழுக்குகிறது. ஓரங்கட்டினேன். முதலில் பார்க்க வேண்டியது கேபிள். கைப்பிடியில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கையை விட்ட பிறகும் பிளேட்டுகள் பாதி பிரிந்தே நிற்கும். தொளதொளப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். பத்து நிமிஷம் ஆறியதும் வண்டி இழுத்தது. கேபிள்தான் காரணம் என்று அக்காவிடம் அறிவித்தேன். ஆறியதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வரும்போது மணி ஏழு இருபது. மறுபடி வழுக்க ஆரம்பித்திருந்தது. கிளட்ச் மூடியில் உள்ள அட்ஜஸ்டர் திருகைக் கால் சுற்று பின்னால் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா இறங்கி நின்று எதிரே பார்த்தாள். ஆற்காடு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப்பெயரைக் கத்திக்கொண்டிருந்தான்.

“நான் பஸ்லயே போய்டறேன்டா. நீ பொறுமையா பாத்துட்டு வா.”

இந்த இடத்தில் நான் ‘சரி’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்து. அதற்குப் பதிலாக வண்டியை ஸ்டார்ட் செய்து, முன் சக்கரத்தை ஒரு சுவரில் முட்டவைத்து, கியர் போட்டு கிளட்சை விட்டேன். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். அணைந்தது. இயற்பியல் ஜெயித்தது.

“பாத்தியா? சரியாயிடுச்சு. இன்னும் நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான்க்கா. பஸ்ஸு நின்னு நின்னு போவும்.”

அக்கா பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் மூஞ்சி முழுக்க கிரீஸ். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்தாள். என் மனது நோகக் கூடாது என்றுதான் ஏறினாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆற்காடு தாண்டி கலவை ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனோம். வேகம் முப்பது, பிறகு இருபது, பிறகு ஒரு எருமை எங்களுக்கு இணையாக வந்தது. அதன் தோலைப் பற்றி அப்போது நான் எதுவும் நினைக்கவில்லை. எட்டு இருபத்தைந்துக்கு வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. அது பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கும் அதற்கும் ஒட்டு உறவு அறுந்துவிட்டது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, எதைப் போட்டாலும் ஒன்றுதான். 

எதிரே ஒரு டீக்கடை. எல்லம்மா என்கிற அம்மா வைத்திருந்தார். கலவைக்கு அடுத்த பஸ் எப்போது என்று அக்கா கேட்டாள். ஒன்று இப்போதுதான் போனது, அடுத்தது ஒன்பதுக்குமேல் என்றார். அக்கா ரோட்டில் இறங்கிக் கையைக் காட்ட ஆரம்பித்தாள். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்காதவள் அவள். ஒரு லாரி நிற்கவில்லை. கல்யாண வேன் ஒன்று நிற்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினாள்.

நான் கியர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

எல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தார். “இன்னா தம்பி இது, வண்டிக்குள்ள தோலை ஊற வெச்சிருக்கியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளாக அந்த வண்டி டேனரி வாடை அடித்திருக்கிறது. அக்கா அதன்மேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள், அம்மா அந்த தேக்சாவைக் கழுவியிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு. எருமைத் தோலின் நார்நாராகப் புகுந்து வழவழப்பாக்குகிற எண்ணெய், கார்க்கிலும் துளைதுளையாகப் புகுந்திருக்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டிய பிளேட்டுகள். அதுதான் அவற்றுக்கு இருந்த ஒரே வேலை.

எட்டு நாற்பத்தைந்துக்குப் பால் கேன்களோடு ஒரு மொபெட் நின்றது. அக்கா இரண்டு கேன்களுக்கு நடுவே பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் எட்டு கிலோமீட்டர்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் சாத்தியிருந்தது. எதிர்ப்பக்கம் மூடியிருந்த ஜெராக்ஸ் கடையின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹால் டிக்கெட், ஒரு கறுப்பு பேனா.

“ஒன்பது ஆறு,” என்றாள்.

கேட்டில் இருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷராம். மேலிடத்து உத்தரவு என்று அவரே கண்கலங்கினாராம். இதையெல்லாம் அவள் பிறகுதான் சொன்னாள். அப்போது இரண்டு பேரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பலாமா என்று கேட்டேன். இரு என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கேட்டைத் திறந்தார்கள். கும்பலாக வந்தவர்களில் ஒரு பெண்ணை நிறுத்தி, கேள்வித்தாளைக் கொஞ்சம் தர முடியுமா என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் சோர்வாக, நீங்களே வெச்சுக்கங்கக்கா, எனக்கு வேணாம் என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்கா அந்தப் படியில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து போட ஆரம்பித்தாள். வெயில் ஏறியது. ஹால் டிக்கெட்டை நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். தெரிந்ததற்கு டிக், தெரியாததற்கு வட்டம். நான் தண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். குடிக்கவில்லை. பரீட்சை ஹாலில் இருப்பவள் மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டேகால் மணி நேரம். கடைசிப் பக்கம் முடிந்ததும் முதலிலிருந்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணியது போதவில்லை, மறுபடி எண்ணினாள்.

“எவ்ளோக்கா?”

“நூத்தி எழுபத்தி நாலு.”

போன தடவை நூற்று ஐம்பத்தொன்பது. நூற்று அறுபத்தொன்று எடுத்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது.

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

வண்டியை அந்த ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். பூட்டவில்லை. ஆற்காடு வந்ததும்தான், வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்டாள். சொன்னேன். உமர், கேன், தேக்சா, இரண்டு ராத்திரி, எல்லாவற்றையும். அவள் ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஃபேட் லிக்கரா?”

“ம்.”

“அது தரையில சொட்டியிருந்தாலே நாங்க தாண்டித்தான்டா போவோம். எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் அதுல வழுக்கித்தான் இடுப்பு ஒடைஞ்சு கெடக்கறாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீ படிச்சினு இருந்தக்கா. தொந்தரவு பண்ண வேணாம்னு...”

அவள் தலையை ஆட்டினாள். அது ‘ஆமாம்’ என்பதா, ‘போதும்’ என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வித்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளைக்கு முதல் ஷிப்ட், நாலரைக்கு அலாரம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவள் சொன்னதும் உடனே செய்கிற இந்தப் புத்தி இன்றைக்கு வேலூரில் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆம்பூர் வந்துவிட்டது என்பதை முன் சீட்டில் இருந்த வெளியூர்க் குடும்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்பா கர்ச்சீப்பை எடுத்தார். அம்மா துப்பட்டாவால் பிள்ளையின் மூக்கைப் பொத்தினாள். நான் ஜன்னலை முழுக்கத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்றாகத்தான் இருந்தது.