யூட்டின் வாளி

யூட் எனக்குத் தரவேண்டியிருந்தது நூற்று முப்பத்தேழு யூரோ ஐம்பது சதம். பியர் காய்ச்சுவதற்கென்று கூட்டாளிகள் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பெரிய பானையின் பாதி விலை அது. முழுக்காசையும் நான்தான் கட்டினேன். பானை ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கெல்லர் அறையில் இருந்தது. அந்த அறைச் சுவரில் சோக்கட்டியால் 'யூட் 137.50' என்று எழுதிவைத்தேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் பழகியவன் நான். எழுதிவைத்தால்தான் ஒரு விஷயம் உண்மை என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

காசு பெரிதில்லை. அவனுடைய பியர் நன்றாக இருந்ததுதான் பெரிது.

ஒரே பானை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே கடையில் வாங்கிய முளைவித்த பார்லி மோல்ட். காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, ஆளுக்கொரு வாளியில் மூடிப் புளிக்க விடுவோம். அவனுடையதில் அடுப்பிலிருந்து எடுத்த புதுப் பாண் வாசம் வரும். என்னுடையதில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மணம். வாயில் வைத்தால் ஆஸ்பத்திரி.

இரண்டு வருடம் நான் சும்மா இருக்கவில்லை. மோல்ட்டை மாற்றினேன். ஈஸ்ட்டை மாற்றினேன். வாளியைக் குளிரான மூலைக்கு நகர்த்தினேன். கடைசியில் அழுக்குத்தான் காரணம் என்று முடிவெடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக நீச்சல்குளம் ஒன்றில் எனக்குக் கழுவல் வேலை. அழுக்கைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே பாவிக்கிற குளோரின் போலவே ஒன்றை வாங்கிவந்து வாளியைத் தேய்த்தேன். மணம் கூடியது. அடுத்தமுறை இரண்டு தரம் தேய்த்தேன்.

யூட் லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். கொதிதண்ணீரை வாளிக்குள் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். அவ்வளவுதான் அவனுடைய சுத்தம்.

பியரைக் கையாலும் தொடாத என் மனைவி கமலநாயகி ஒருநாள் அவனுடையதில் அரைக் கிளாஸ் குடித்தாள்.

"இதில மெல்லிய இனிப்பொண்டு இருக்கு, தம்பி," என்றாள். "இவரின்ரயைக் குடிச்சா ஊசி போட்டது மாதிரி."

"அண்ணையின்ரயைக் காய்ச்சலுக்குக் குடுக்கலாம் அக்கா," என்றான் யூட்.

நானும் சிரித்தேன். மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அதன்பிறகு மகள் தர்மிகாவுக்கு அவுஸ்பில்டுங் முடிந்தது. மூன்று வருடத் தொழிற்படிப்பு. இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்து வைப்பது என்று முடிவானது.

"பியரைத் தம்பி யூட் காய்ச்சட்டும்," என்றாள் கமலநாயகி.

"ஏன், நான் இருக்கிறன்தானே?"

"நீங்கள் சோடாவை வாங்குங்கோ."

என் மகளுடைய விருந்து. என் காசில் வாங்கிய பானை. என் கெல்லர். ஊற்றப்போவது அவனுடைய பியர். வேலையில் தரை தேய்க்கும்போதும் இதுவே தலைக்குள் ஓடியது.

யூட் காய்ச்ச வருகிற சனிக்கிழமை காலை, கீழே போய் அவனுடைய வாளியைப் பார்த்தேன். அடியில் மண்ணிறமாக ஒரு வட்டம் பிடித்திருந்தது. அந்த வட்டத்தில்தான் ஏதோ இருக்கிறது, அதுதான் அவனுக்கு அந்த வாசத்தைக் கொடுக்கிறது என்று பட்டது. குளோரினை எடுத்தேன். நல்லதுக்குச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வட்டமும் போகவேண்டும், வாசமும் போகவேண்டும் என்றுதான் தேய்த்தேன்.

யூட் வந்து வாளியைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, வாளி புதுசு மாதிரிக் கிடக்கு?"

"தூசி கிடந்தது. கழுவினனான்."

"நீங்கள் கழுவினா நான் ஏன் திரும்பக் கழுவ?" கொதிதண்ணீர் கூட ஊற்றவில்லை. அப்படியே பாவித்தான்.

நாலு கிழமைக்குப் பிறகு முதல் போத்தலை உடைத்தோம். ஒரு வாய் குடித்தவன் கிளாஸைப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான். பிளாஸ்டர். அச்சாக என்னுடைய பியர்.

முதலில் வந்தது சந்தோஷம். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் மற்றது விளங்கியது. அவனுடைய வாளிக்கு நான் செய்தது ஒரேயொரு வேலை. என்னுடைய வாளிக்கு இரண்டு வருடமாகச் செய்ததும் அதே வேலைதான்.

கமலநாயகி இறங்கி வந்து மணந்து பார்த்தாள். "என்ன தம்பி, இவரின்ர கை உங்களுக்கும் தொத்திட்டுதோ?"

யூட் சிரிக்கவில்லை. "என்னில ஏதோ பிழை அக்கா. பிள்ளையின்ர விசேஷம், இதை வைக்க ஏலாது. நாற்பது போத்தலையும் ஊத்திப்போட்டு என்ர காசில திரும்பக் காய்ச்சிறன்."

"உன்னில பிழையில்லை," என்றேன். "உன்ர வாளியை நான் குளோரின் போட்டுத் தேய்ச்சனான்."

"என்னத்துக்கு?" என்று கேட்டது மனைவி.

"இவன்ர பியர் நல்லா இருந்தது. அதுக்குத்தான்."

யூட் போத்தலை மூக்கில் பிடித்தான். "அப்ப இவ்வளவு நாளும் உங்கட பியரில மணந்தது?"

"ஓம். நீச்சல்குளம்."

அவன் படியில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். கமலநாயகி மேலே ஏறிப் போனாள். அவனால் அப்படிச் சிரிக்க முடிந்தது கூட எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு புது வாளி வாங்கினேன். ஆளுக்கொரு வாளி காய்ச்சினோம். இரண்டையும் அவனே கொதிதண்ணீரால் கழுவினான், என்னைத் தொட விடவில்லை. விருந்தில் இரண்டு பியரும் முடிந்தன. என்னுடையதில் ஆஸ்பத்திரி இல்லை. கமலநாயகி ஒரு வாய் குடித்து, "இது குடிக்கலாம்," என்றாள். பிறகு யூட்டுடையதைக் கிளாஸ் நிறைய வார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்தநாள் யூட் கெல்லருக்கு வந்தான். கையில் காசுக் கடிதவுறை.

"அண்ணை, பானைக் காசு."

"வேண்டாம். உன்ர நாற்பது போத்தலுக்குச் சரி."

"அதுக்கு இவ்வளவு வராது."

"மிச்சத்துக்கும் சரி. வை உள்ளுக்கு."

ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். அவன் பெயர் முதலில் போனது, பிறகு இலக்கம்.

"குளோரினோ அண்ணை?"

"வெறும் தண்ணி," என்றேன்.