டயானா டீச்சரின் நாலு பால்பற்கள்

டயானா டீச்சருக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கீழ்வரிசையில் நாலு பால்பற்கள் விழாமல் இருந்ததால், அவளுடைய அப்பா யேசுதாஸ் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆன பிறகும் பள்ளி நாட்களில் சாயங்காலம் நாலேகாலுக்குச் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வில்லாபுரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நேரம் மாதிரி இதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். தண்ணீராவது முன்னே பின்னே வரும். தெற்குவாசல் பாலத்தின் மேட்டில் அந்தச் சைக்கிள் ஏறுவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் உண்டு.

இது தொடங்கியது அவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது. ரோட்டைத் தாண்டப் பயப்படுகிற பிள்ளை. ஒருநாள் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை நாளைக்கு நீங்க வருவீங்க என்று அப்பாவைக் கேட்டாள். ஓர் அச்சாபீசில் குமாஸ்தாவாக இருந்த யேசுதாஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்: "பல்லு விழுகுற வரைக்கும் அப்பா வாரேன் பாப்பா. விழுந்து புதுப் பல்லு முளைச்சிருச்சுன்னா நீ பெரிய மனுஷி. அப்பறம் நீதான் என்னையக் கூட்டிட்டுப் போகணும்." எல்லா அப்பாக்களும் பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சுதான். அடுத்த மாதம் அவருக்கு மஞ்சள்காமாலை கண்டு ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது முப்பத்தொன்று. அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாலேகாலுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பங்குச் சாமியார் வீடு தேடி வந்து விசாரித்தார். மூன்றாம் நாள் என்றால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கும், ஐந்தாம் நாள் என்பதால் அவசியமில்லை என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

பிறவியிலேயே அந்த நாலு இடத்திலும் ஈறுக்கு அடியில் பல் கிடையாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கீழிருந்து முட்டித் தள்ள ஆளில்லாததால் பால்பற்கள் அப்படியே நின்றன. யேசுதாசும் அப்படியே நின்றுவிட்டார். அதே நீலச்சட்டை, அதே கறுப்பு மீசை, அதே கேள்வி. "இன்னைக்கு என்ன பாடம் பாப்பா? டீச்சர் அடிச்சாங்களா?" அவள் பத்தாவது படிக்கும்போதும் அதைத்தான் கேட்டார், அவளே டீச்சரான பிறகும் அதைத்தான் கேட்டார். நான்தாம்பா இப்ப டீச்சர் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். சிரிப்பார், மறுநாள் மறந்திருப்பார். தெருமுனையில் இறக்கிவிட்டு இரண்டு தடவை மணி அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மே மாத லீவிலும் வரமாட்டார். கொரோனா வருஷத்தில் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை, அவரும் வரவில்லை. ஊரடங்கை ஒழுங்காக மதித்த சொற்பப் பேரில் அவரும் ஒருவர்.

அவருடைய மனைவி அற்புதமேரி முதல் சில வருஷங்கள் தெருமுனையில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்நெற்றி முடி நரைத்த வருஷம் ஒருநாள் சைக்கிளுக்குக் குறுக்கே போய்விட்டாள். யேசுதாஸ் பிரேக் பிடித்து, "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று மரியாதையாகச் சொன்னார். அவள் வழி விட்டாள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்ததில்லை.

டயானாவின் வாழ்க்கை முழுக்க அந்த நாலேகாலைச் சுற்றியே அமைந்தது. கல்லூரி விட்டதும் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வருவாள், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். மேற்படிப்பை நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் முடித்து, அதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அலங்காநல்லூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை வந்தது, வேண்டாம் என்றாள். தூத்துக்குடியிலிருந்து ஒன்றும் திண்டுக்கல்லிலிருந்து ஒன்றுமாக இரண்டு நல்ல வரன்கள் வந்தன, அவற்றையும் வேண்டாம் என்றாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை என்று எழுதினால் அது பொய். பற்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். கரும்பு கடித்ததில்லை, சோளக்கதிர் கடித்ததில்லை. கொய்யாப் பழத்தைக் கத்தியால் வகுந்து கடைவாயில் வைத்துத்தான் தின்பாள். பிரஷ் கூடத் தொடாமல் விரலால்தான் தேய்ப்பாள்.

அப்படியும் போன தவக்காலத்தில் நாலும் ஆடத் தொடங்கின. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. பல் டாக்டர் சத்யப்ரியா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பற்களுக்கு வேர் கரைந்து போயிருந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. எடுத்துவிட்டு இரண்டு டைட்டானியம் திருகாணிகளை எலும்பில் பொருத்தி, அதன்மேல் நாலு பல் கட்டலாம், தள்ளிப்போட்டால் எலும்பும் தேய்ந்துவிடும், அப்புறம் திருகாணி நிற்க இடமிருக்காது என்றாள். டயானா எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் விழுந்தால் அப்பா வரமாட்டார். அடியில் ஒன்றும் இல்லாததால் புதுப் பல் முளைக்கப் போவதும் இல்லை. அவர் சொன்ன வாக்கின் பின்பாதி இந்த எக்ஸ்ரேயில் இல்லவே இல்லை. கூட வந்திருந்த அற்புதமேரிதான் வாயைத் திறந்தாள்.

"திருகி வச்ச பல்லு முளைச்ச பல்லுல சேருமா டாக்டரம்மா?"

வேறு ஊர் டாக்டர் என்றால் சிரித்திருப்பார். சத்யப்ரியா வில்லாபுரத்துக்காரி, சிறுவயதில் அந்தச் சைக்கிளைப் பார்த்து டியூஷனுக்குக் கிளம்பியவள். எக்ஸ்ரேயை மேசையில் வைத்தாள். "திருகாணிய மட்டும்தாம்மா நாங்க வைக்கிறோம். அதைப் பிடிச்சுக்கிறது அவங்க எலும்புதான். அது தானா வளந்து பிடிக்கணும், நாலு மாசம் ஆகும். அதுல எங்க கையில ஒண்ணும் இல்ல. என்னையக் கேட்டா சேரும்னுதான் சொல்வேன். அவரு என்ன சொல்வாரோ தெரியலை."

மறுநாள் பாலத்து மேட்டில் சைக்கிள் ஏறும்போது டயானா அப்பாவின் முதுகைப் பார்த்தாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அவள் இப்போது அறுபத்து நாலு கிலோ. தன்னைவிட ஏழு வயது இளைய ஒரு மனிதர் முப்பத்திரண்டு வருஷமாகத் தன்னை இந்த மேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், தான் வளர்ந்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பல்லைப் பிடுங்கப் போறேம்பா என்றாள். "ஆடுதா? நல்லதுதான பாப்பா" என்றார் யேசுதாஸ், சந்தோஷமாக. தெருமுனையில் இறக்கிவிட்டு இரண்டு தடவை மணி அடித்தார். அவர் கண்மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்று, அழகுபாண்டி டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க அழுதாள்.

நாலு பற்களும் சேர்ந்து ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லை. டாக்டர் அவற்றைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். வழக்கப்படி அவற்றைக் கூரையில் போட வேண்டும். வீட்டில் மொட்டைமாடி என்பதால் பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்து மேல் வீசினாள். நாலேகாலுக்கு வாசலுக்கு வந்தாள். யாரும் வரவில்லை. ரோட்டைத் தாண்டத் தெரியாமல் அவள் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் சோணை ஓடிவந்து, வாங்க டீச்சர் என்று கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது வாரம் அவளாகத் தாண்டினாள். ஷேர் ஆட்டோவில் இடிபட்டுச் சலித்துப்போய், ஒரு ஸ்கூட்டர் வாங்கிப் பள்ளி மைதானத்தில் ஓட்டப் பழகினாள். இரண்டு தடவை கொடிக்கம்பத்தில் மோதினாள். தாடைக்குள் டாக்டர் வைத்த திருகாணிகளைச் சுற்றி எலும்பு சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வீடு மட்டும் நன்றாக இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலையில் பல் கட்டி முடிந்தது. நன்றாகக் கடிக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பள்ளி விட்டதும் வாசலில் இருளாயி கடையில் ஒரு கொய்யாக்காயை வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக முன்பல்லால் கடித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. வாய் நிறைய மென்றுகொண்டு நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரை. நீலச்சட்டை வெளுத்து, தோளில் தொளதொளத்தது. சிரித்தபோது கீழ்வரிசையில் நாலு பல் இல்லை.

"முட்டி வலிக்குது டயானா. நீயே ஓட்டு" என்றார் யேசுதாஸ்.

சோணை சைக்கிளை வாங்கி வேப்பமரத்தடியில் சாத்திப் பூட்டினார். யேசுதாஸ் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். பாலத்து மேட்டில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் அவர் காதருகே குனிந்து, "இன்னைக்கு என்ன பாடம் நடத்துன?" என்று கேட்டார். இறக்கம் முடிந்த பிறகுதான் டயானா, தாவரங்களும் விதைகளும்பா, ஆறாம் வகுப்புக்கு, என்றாள்.

தெருமுனையில் அவள் பிரேக் பிடிக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு அற்புதமேரி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். யேசுதாஸ் இறங்கி, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அற்புதம், இம்புட்டு நரைச்சுப் போச்சு?"

"உங்களுக்கு மட்டும் என்னவாம்" என்றாள் அற்புதமேரி. "காலக் கழுவிட்டு உள்ள வாங்க."

மறு வியாழக்கிழமை டயானா அப்பாவை சத்யப்ரியாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் புது அட்டை எடுத்துப் பெயரை எழுதி, வயது என்ற இடத்தில் அறுபத்துமூன்று என்று போட்டாள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, ஆனால் திருகாணி பிடிக்க நாலு மாதம் பொறுக்க வேண்டும் என்றாள். பொறுப்பதில் தனக்கு ஒரு சிரமமும் இல்லை என்று யேசுதாஸ் சொன்னார்.