ரெண்டு ராத்தல்

நூற்று நாற்பதாவது தண்டாலில் அங்கமுத்துவின் கை மடங்கி, முகம் களத்து மண்ணில் குத்தியது. மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி கையை ஊன்றினான். கிழக்கு வெளுத்துவிட்டது. இருநூறு முடிக்க வேண்டும், அப்புறம் உட்கார்ந்து எழும் பஸ்கி முந்நூறு. அதற்கப்புறம், அவன் வேலை செய்யும் நிலத்துக்காரரான பண்ணாடியின் கிணற்றில் மாடு பூட்டி உச்சி வரைக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கை பண்ணாடி மகன் நாச்சிமுத்து சொன்னது. சேலத்துக் காலேஜில் படிக்கிறவன். போன மாசம் திருச்செங்கோட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அங்கமுத்துவுக்கு உயரம் சரி, மார்பு சரி, எடை மட்டும் ரெண்டு ராத்தல் குறைவு. அடுத்த மாசம் வா என்று தள்ளிவிட்டார்கள். "நான் தெனமும் எடுக்கறேன், பாரு" என்று நாச்சிமுத்து புஜத்தை மடக்கிக் காட்டினான். பின்னாலேயே ஒரு சொம்புப் பாலும் நாலு முட்டையும் அவனுக்கு வந்ததை அங்கமுத்து பார்க்கத்தான் செய்தான். அதுவும் பயிற்சியில் சேர்த்தி என்று தோன்றவில்லை.

பட்டாளத்தில் மூணு வேளை சோறு. அங்கேயும் அதட்டுவார்கள், ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி அதட்டுவார்கள் என்று லீவில் வந்த கருப்பண்ணன் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தை அங்கமுத்துவைத் தூங்கவிடாமல் அடித்தது.

பத்து நாள் கழித்து நிலக்கடலை மண்டிக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தான். நிறுக்கிற சின்னான் இரும்புக்கல்லை எடுத்து எடுத்து வெளியே வைத்தான்.

"பட்டாளத்துக்கு மூணு ராத்தல் கொறையுது. ஏனப்பா, பருப்பில்லாத பொக்குக் காயா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். தண்டால் எடுத்தது போதவில்லை போல என்று அங்கமுத்து நினைத்தான். மறுநாள் காலை இருநூற்றைம்பது எடுத்தான். எழுந்து நின்றபோது களம் சுற்றியது.

அன்று வெயில் ஏறுமுன்பே, கிணற்றோரச் சரிவான வாரியில் பின்னேறும்போது வலத்து மாட்டுக்குக் கால் இடறியது. மூக்கு காய்ந்து, விலா ஏறி இறங்கியது. பாதி வயல் பாயவில்லை. அங்கமுத்து யோசிக்காமல் நுகத்தை அவிழ்த்தான். மடை திருப்பிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி அத்தாயி மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"ஏன் மாமா, அது இன்னும் நொரை தள்ளலையே."

"நொரை தள்ற வரைக்கும் ஓட்டுனா அது மாடா இருக்குமா? ரெண்டு நாள்ல படுத்துக்கும்."

"படுத்துக்கும்ல." அவன் காறை எலும்பையே பார்த்தாள். "காத்தால களத்துல ஒண்ணு மண்ணைக் கவ்விட்டுக் கெடந்துச்சு. அதை ஆரு அவுத்து உடறது?"

அங்கமுத்து மாட்டுக்கு ஊறப்போட்ட கடலைப் புண்ணாக்கில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மாடு அவனைப் பார்த்தது.

மறுநாளிலிருந்து இருபது தண்டால்தான். இருபத்தொன்றாவதற்குக் கை தானாக ஊன்றும். இழுத்து மடியில் வைத்துக்கொள்வான். விடியும் வரை களத்தைச் சுற்றி நடப்பான். இதுவும் எடையைத் தின்னுமோ என்று உட்காருவான். உட்கார்ந்தால் தொடை துடிக்கும். தினம் ஒரு பிடி புண்ணாக்கு மட்டும் தவறவில்லை. மண்டிக்குப் போய் நிறுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆள் எடுக்கிற அன்று அத்தாயி சொல்லி அனுப்பினாள்: "ஓடாதீங்க மாமா. வேர்க்காமப் போங்க." எட்டு மைலையும் சினை மாடு மாதிரி நடந்தான். பின்னால் வந்த பையன்களெல்லாம் தாண்டிப் போனார்கள். காலை அடக்கி வைப்பது தண்டாலைவிடக் கஷ்டமாக இருந்தது. திருச்செங்கோட்டு எல்லைக் கிணற்றில் வயிறு கடமுடா என்னும் வரை தண்ணீர் குடித்தான். அதுவும் எடைதானே.

வரிசை நீளம். வெயில் நகர்ந்தது. அடிவயிறு கல்லாக இறுகியது. முன்னால் முப்பது பேர், இருபது பேர். வேலியோரம் ஒருவன் ஒதுங்கிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்ததைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான். ஒதுங்கினால் ஒரு ராத்தலாவது போகும்.

கோவணத்தோடு தராசுப் பலகையில் ஏறினான். டாக்டர் குண்டை நகர்த்தினார். சட்டம் மேலே தூக்கியது, கீழே இறங்கியது.

"அசையாம நில்லுடா."

அங்கமுத்து பல்லைக் கடித்துத் தொடையை இறுக்கினான். பலகை அவன் காலுக்கடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது.