ஏழடி வட்டம்

...அதே வட்டம், அதே ஏழடி, ஒரு சாண் கூடவும் இல்லை குறையவும் இல்லை, குளத்தின் நடுவில் பாலகிருஷ்ணன் சாரின் ரேடியோவில் ஓடும் மாதிரிப் போர்க்கப்பல் தன் வாலைத் தானே பிடிக்கப் பார்க்கும் நாய்க்குட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, போன மாதம்வரை அது திரும்ப இருபதடி வேண்டியிருந்தது, கரையில் முட்டி இரண்டு முறை மூக்குடைந்தது, இப்போது மட்டும் எப்படி... எப்படியென்று செல்லக்கண்ணுவுக்கா தெரியாது? இரண்டு புரொப்பெல்லருக்கும் நடுவில் சுக்கான் சும்மா கிடந்தால் தண்ணீர் அதில் அடிக்காது, ஒன்றை இரண்டாக்கு, ஒவ்வொன்றையும் ஒரு புரொப்பெல்லருக்கு நேர் பின்னால் வை, மூக்கிலும் வாலிலும் கிடக்கும் ஈயக்கட்டியை வயிற்றுக்குக் கொண்டு வா... மூன்று மாத வேலை, ஜாலான் புசார் கடைகளில் பித்தளைத் தகடு தேடி அலைந்தது, வீட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தது, "கப்பல் குளிச்சு முடிச்சா சொல்லுங்க, மனுசங்களும் குளிக்கணும்" என்று மனைவி மங்களத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டது... இந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் செல்லக்கண்ணு, இன்னொருவன் சிராங்கூன் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரவூப், கப்பலுக்கு ரேடியோ பூட்டித் தந்தவன், சுக்கானுக்கு வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு "செத்தாலும் வெளியே விடமாட்டேன் அண்ணே" என்றவன், அவன் செத்ததாகத் தெரியவில்லை, மன்றத் தலைவரான அதே பாலகிருஷ்ணன் சாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான்.

"நமது மாதிரிக் கப்பல் மன்றத்தின் தலைவர் என்ற முறையில், எனது இடையறாத ஆராய்ச்சியின் பயனாக..." மைக்கில் பாலகிருஷ்ணன் சார், ஆராய்ச்சியாம், தஞ்சோங் பகார் துறைமுக ஆபீஸில் பெரிய கிராணியாக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலையாக உட்கார்ந்து என்னைப் போன்ற ஃபிட்டர்களின் லீவு விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை தேடியதைத் தவிர இந்த மனிதர் எதை ஆராய்ந்தார், பக்கத்தில் ஒரு சொல்லும் புரியாமல் தலையாட்டும் வெள்ளைக்கார எஞ்சினியர் வேறு... குடையை மடக்கிக்கொண்டு ரவூப் மெல்ல வந்தான்.

"ஏம்ப்பா, செத்தாலும்னு சொன்னியே?"

"அவரு கேட்டாரு அண்ணே."

"கேட்டா?"

"கடைக்கே வந்து, ஸ்டூலப் போட்டு உக்காந்து கேட்டாரு லா. நீங்களா இருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன், முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன், கிராணியாவது கத்தரிக்காயாவது... இருக்கட்டும், அடுத்தது என் கப்பல், போன வாரம் சுக்கான்களை இன்னும் ஒரு விரல் அகலமாக்கியது இவனுக்கும் தெரியாது, ஆறடி, ஆறே அடியில் திருப்பிக் காட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் இது யார் மூளை என்று, அவருடைய ஆராய்ச்சி ஓர் அடி பின்தங்கி நிற்கும்... "என்னப்பா செல்லக்கண்ணு, உன்னுதும் திரும்புமா?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார், கூட்டம் சிரித்தது.

"உங்க அளவுக்கு வராதுங்க சார்."

யார் சொன்னது? தன் வாய்தான், பன்னிரண்டு வருஷம் அவர் மேஜைக்கு முன்னால் நின்று பழகிய வாய், கேட்காமலேயே சொல்லிவிட்டது, போகட்டும், வாய் கிடக்கிறது, கப்பல் பேசட்டும்... கப்பலைத் தண்ணீரில் விட்டுக் கையிலிருந்த ரேடியோப் பெட்டியின் பொத்தானை அமுக்கினார், அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் சுக்கான் வளைந்திருக்கும், விட்டால் நேராகிவிடும், கப்பல் முகத்தைத் திருப்பியது, கால் வட்டம், அரை வட்டம், ஆறடிதான், ஆறடியேதான், "பிடிங்கண்ணே, விட்றாதீங்க!" என்று ரவூப் கத்தினான், தலைவரின் சிரிப்பு லேசாகச் சுருங்குவதைச் செல்லக்கண்ணு பார்த்தார், பார்த்திருக்கக் கூடாது... கட்டைவிரல் எழுந்துவிட்டது. கப்பல் நேராக ஓடியது, மறுபடி அமுக்குவதற்குள் எட்டடி, பத்தடி, யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"பரவாயில்லப்பா, இன்னும் கொஞ்சம் உழைக்கணும்" என்று தலைவர் முதுகில் தட்டினார், சிரிப்பு பழைய அளவுக்கு வந்திருந்தது. ரவூப் செல்லக்கண்ணுவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், எதற்கு அப்படிப் பார்க்கிறான், வெயில்தானே, வியர்வையில் யாருக்கும் வழுக்கும்... செல்லக்கண்ணு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். விரல் காய்ந்துதான் இருந்தது.