அந்த ஐந்து தோட்டாக்கள்

வெர்லினின் துப்பாக்கிக் கடையில், அப்பா விட்டுப்போன குட்டி ரிவால்வரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள் கார்லின். விவாகரத்தான புருஷன் டுவைட் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவை உதைத்திருந்தான். "என்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள். அதற்கு அந்தச் சனியன் சிரித்தான்.

"இருக்கிறதுலயே வேகமான தோட்டாவா குடுங்க."

"அதை இந்தப் பழசுல போட்டா விரிசல் விட்டுடும்மா" என்றார் கடைக்காரர் வெர்லின். "சுடும்போது பின்னாடி உதைக்கிறதும் பலமா இருக்கும், ரெண்டாவது குண்டு கூரைக்குத்தான் போகும். இந்தச் சாதா முப்பத்தெட்டு ரகத் தோட்டாவே போதும், குறி தப்பாது."

பேசிக்கொண்டே ரிவால்வரின் உருளையைத் திறந்து, உள்ளேயிருந்த ஐந்து தோட்டாக்களையும் கொட்டினார். ஒன்றைக் காதருகே ஆட்டியவர் முகம் மாறியது. குறடால் அதன் முனையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். ஒரு துளி வெடிமருந்துகூட விழவில்லை. மற்ற நான்கும் அப்படியே.

"யாரோ மெனக்கெட்டு மருந்தைக் கொட்டிட்டு மூடியிருக்காங்க. யாரும்மா இதுல தோட்டா போட்டது?"

ஆறு மாதமாக அவள் இதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். வீட்டைவிட்டுப் போன அன்று, பத்திரமாக இரு என்று சொல்லி, தோட்டா போட்டுக் கையில் கொடுத்தவன் டுவைட்.

அந்தச் சிரிப்பு மறுபடியும் காதில் கேட்டது.